இடத்தோளில் ஒரு துவக்கு

கோழி இருக்கிற இடத்தில் தீனி இருக்கும். தீனி இருக்கிற இடத்துக்கு எலி வரும். இங்கிலாந்தின் கிழக்கில், லிங்கன்ஷயரின் தட்டையான வயல்களுக்கு நடுவில், நாற்பது கோழிகளோடு எட்டு வருடங்களாக இருக்கிறேன். அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையானதும் பழுப்பு எலிகள் கொட்டில்களைத் தேடி வருவது இங்கே வழக்கம். போன இலையுதிர்காலத்தில் வந்தவை திரும்பிப் போகவில்லை. முட்டைகளை உருட்டிக்கொண்டு போயின. பத்து நாள் குஞ்சுகள் ஐந்தை ஒரே இரவில் கொன்றன. கூட்டின் அடிப்பலகையை அரித்துத் தங்களுக்கென்று ஒரு வாசலும் வைத்துக்கொண்டன.

பொறி வைத்தேன். முதல் வாரம் மூன்று அகப்பட்டன, பிறகு ஒன்றுமில்லை. எலி புதுப்பொருளை எளிதில் நம்பாது. தீனியை இரும்புப் பீப்பாய்க்கு மாற்றினேன். அடுத்தது நஞ்சு. ஆனால் அயல் பண்ணையின் பழைய களஞ்சியத்தில் ஒரு சோடிக் கூகை குடியிருக்கிறது. இந்த நாட்டில் இறந்து கிடைக்கும் கூகைகளின் ஈரலை ஆண்டுதோறும் எடுத்துச் சோதிக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் எலி நஞ்சின் எச்சம் இருக்கிறது. நஞ்சு தின்ற எலி உடனே சாகாது, சில நாட்கள் தள்ளாடித் திரியும். அந்த நாட்களில் அதைப் பிடிப்பது கூகைக்கு மிகச் சுலபம். மாலையில் வயலின் மேல் சத்தமே இல்லாமல் வெள்ளையாக மிதந்து போகும் அந்தப் பறவையைப் பார்த்த பிறகு நஞ்சுப் பெட்டியை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

அயல் பண்ணைக்காரி எழுபது வயதைத் தாண்டியவர், தனியே பண்ணை நடத்துபவர். "எயார் ரைபிள் ஒன்று வாங்கு, நானும் அதுதான் வைத்திருக்கிறேன்" என்றார். மண்வெட்டி வாங்கு என்று சொல்வதைப் போல இருந்தது அவர் சொன்ன விதம்.

எயார் ரைபிள் என்று ஆங்கிலத்தில் கேட்டபோது எனக்கும் அது ஒரு கடைச் சாமானாகத்தான் பட்டது. ஈஸ்ட்ஹாமில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் தமிழில் சொன்னபோது துவக்கு ஆகிவிட்டது.

"துவக்கோ? வீட்டுக்குள்ளயோ?"

"காத்தில சுடுறது அம்மா. எலிக்கு."

"துவக்கு வைச்சிருந்தவை எல்லாரும் முதலில சின்னதாத்தான் பிள்ளை சொன்னவை" என்றார் அம்மா. பிறகு கோழி எத்தனை முட்டை இடுகிறது என்று கேட்டார். கதையை மாற்றினால் விடயம் முடியவில்லை என்று அர்த்தம்.

தமிழகத்துத் தோழிகளுக்குத் துவக்கு என்றால் தொடக்கம் என்றுதான் தோன்றும். எங்களுக்கு அது துப்பாக்கி. துப்பாக்கி என்ற சொல்லின் மூலத்தைத் தேடினால் அகராதி துருக்கி மொழியைக் காட்டுகிறது. நான் கடைசியில் தெரிவு செய்ய வேண்டியிருந்த இரண்டில் ஒன்று துருக்கியில் செய்தது. இதில் பெரிய பொருள் ஒன்றுமில்லை. பார்த்ததும் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

1987 ஐப்பசியில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. கோண்டாவிலில் எங்கள் வீட்டைச் சோதிக்க வந்தவன் அறையின் திரைச்சீலையைக் கையால் விலத்தவில்லை, துவக்கின் முனையால் விலத்தினான். அம்மா என்னைத் தன் பின்னால் தள்ளி நின்றார். அவர் அந்த நாளைப் பற்றி அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதே மாதம் 10ஆம் திகதி கோப்பாயில் மாலதி அந்த இராணுவத்தோடு மோதி இறந்தார். புலிகள் அவரைத் தங்கள் முதல் பெண் மாவீரர் என்றார்கள். இரண்டு வருடங்கள் கழித்து, 1989 செப்டெம்பர் 21இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜனி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். முறிந்த பனையை எழுதிய நால்வரில் ஒருவர் அவர். எங்கள் மண்ணில் நின்ற எல்லாத் துவக்குகளையும் கேள்வி கேட்ட பெண். துவக்கு பெண்ணை விடுவித்ததா என்று கேட்கும் எந்தக் கூட்டத்திலும் இந்த இரண்டு பெயர்களும் ஒன்றுக்கு எதிராக ஒன்று நிறுத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போதெல்லாம் வேறு ஒருத்தியின் ஞாபகம் வரும்.

வகுப்பில் என் பக்கத்து மேசைக்காரி அவள். என்னைவிடவும் கட்டை. இயக்கத்துக்குப் போய் ஒரு வருடத்துக்குப் பிறகு, சீருடையில் எங்கள் ஒழுங்கையால் நடந்து வந்தாள். தோளில் தொங்கிய துவக்கின் சோங்கு ஒவ்வொரு அடிக்கும் அவள் முழங்காலில் தட்டியது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, பழகியிருக்க வேண்டும். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது சனத்துக்குள் அவளைத் தேடினேன். அதன் பிறகு அவளைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை.

இத்தனையையும் தோளில் வைத்துக்கொண்டு ஒருத்தி கடைக்குப் போய் எலிக்குத் துவக்குப் பார்க்க முடியுமா? முடிந்தது. கோழிக்குஞ்சு செத்துக் கிடந்தால் காலையில் அதை யாரோ அள்ள வேண்டும்.

இங்கிலாந்துச் சட்டம் இப்படி: எயார் ரைபிளின் வலு 12 அடி-இறாத்தலுக்கு மேல் போகாவிட்டால், அதாவது 16 யூல் சொச்சத்துக்குள் இருந்தால், அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். வியாபாரி நேருக்கு நேர் நின்றுதான் கையில் தரவேண்டும். சிறுவர் கையில் படாமல் வைத்திருப்பது என் பொறுப்பு. எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். சன்னம் என் காணியின் எல்லையைத் தாண்டினால் அது குற்றம். ஸ்கொட்லாந்தில் இதே சாமானுக்கு 2016இன் கடைசி நாளிலிருந்து சான்றிதழ் வேண்டும். 2005இல் கிளாஸ்கோவில் ஒரு குழந்தை எயார் கன் சன்னத்தால் இறந்த பிறகு எழுந்த கோரிக்கையின் முடிவு அது. எனக்கு ஸ்கொட்லாந்துச் சட்டம்தான் பிடிக்கும். ஒரு பொலிஸ்காரர் வந்து என் வீட்டைப் பார்த்து, ஏன் வேண்டும் என்று கேட்டு, எழுதிக்கொண்டு போயிருந்தால் அம்மாவுக்குச் சொல்ல எனக்கு ஒரு தாளாவது இருந்திருக்கும்.

ஏன் புல்பப் என்பதற்குக் காரணம் என் கொட்டில். கோழிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு சிறு யன்னல் அதில் உண்டு; உள்ளே நின்று திரும்ப நாலடி இடம்கூட இல்லை. சாதாரண எயார் ரைபிள் ஒரு மீற்றருக்குக் கிட்ட நீளும், ஒலி அடக்கியைப் பூட்டினால் இன்னும் நீளும். புல்பப்பில் சன்னம் ஏறும் இயந்திரப் பகுதியைப் பின்னுக்குத் தள்ளிச் சோங்குக்குள் வைத்துவிடுகிறார்கள்; விசை அதற்கு முன்னால் வருகிறது. குழலின் நீளம் குறையாது, மொத்த நீளம் குறையும். அதற்கு ஒரு விலை உண்டு. சாதாரண ரைபிளில் முகத்துக்கு முன்னால் நடக்கும் வேலை எல்லாம் இதில் கன்னத்துக்குப் பக்கத்தில் நடக்கும். இதைக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நகரத்துக் கடை ஒன்றுக்குப் போனோம். காரோட்ட இவர் வந்தார். இவருக்குத் துவக்கைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதைக் கண்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதுதான். கடைக்காரர் நாற்பது நிமிடமும் இவரைப் பார்த்தே பேசினார். கேள்வியை நான் கேட்பேன், பதில் இவருக்குப் போகும், இவர் அதை என்னிடம் திருப்பி அனுப்புவார். பிறகு கடைக்காரர் மேசையில் இரண்டை எடுத்து வைத்தார்.

ஒன்று துருக்கியின் க்ரால் பஞ்சர் பிரேக்கர். வால்நட் மரச்சோங்கு, எண்ணெய் மணம், 74 சென்ரிமீற்றர் அளவு நீளம், 3.4 கிலோ அளவு பாரம். மற்றது ஜெர்மனியின் வால்தர் ரெய்ன். கறுப்புப் பிளாஸ்ரிக் உடம்பு, 66 சென்ரிமீற்றர் அளவு, இரண்டரைக் கிலோ. இரண்டும் அழுத்தக் காற்றை முன்கூட்டியே நிரப்பி வைத்துச் சுடுபவை. இரண்டையும் 5.5 மில்லிமீற்றர் சன்னத்துக்கே பார்த்தேன். ஒவ்வொரு சன்னத்துக்கும் பக்கத்தில் உள்ள நெம்புகோலை ஒருமுறை இழுத்து விடவேண்டும். அது ரவைக்கூட்டைச் சுழற்றி அடுத்த சன்னத்தை ஏற்றும்.

"இது பெண்களுக்கு நல்லது, பாரம் குறைவு" என்று கறுப்பை இவரிடம் காட்டினார் கடைக்காரர். நான் கேட்டது நெம்புகோலைப் பற்றி. கோண்டாவில் கிணற்றடியிலிருந்து ஒவ்வொரு விடியலும் குடத்தை இடுப்பில் ஏற்றி வந்த பெண்களின் பேத்தி நான். பாரம் என் பிரச்சினை என்று யார் சொன்னது? சொல்லப்போனால் பாரம் கூடிய துவக்குதான் கையில் ஆடாமல் நிற்கும். மூச்சுக்கும் நெஞ்சிடிக்கும் பாரம் குறைந்தது எளிதில் அசையும். புல்பப்பில் பாரத்தின் பெரும்பகுதி தோளோடு ஒட்டிப் பின்னால் இருப்பதால் 3.4 கிலோ கைக்கு அவ்வளவாகத் தெரிவதுமில்லை. மரத்துவக்கை வாங்கித் தோளில் வைத்தேன். நன்றாக நின்றது. உண்மையில் எனக்கு அதுதான் பிடித்தது.

அன்று ஒன்றும் வாங்காமல் வந்தோம். அடுத்த முறை நான் தனியே போனேன், கைப்பையில் அம்மாவின் அளவு நாடாவோடு. அம்மா லண்டனுக்கு வந்த முதல் பத்து வருடமும் வீட்டில் இருந்து தைத்தவர். மஞ்சள் நாடா, ஓரம் நைந்தது. முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் மூட்டு வரை என் நீளம் பன்னிரண்டே முக்கால் அங்குலம். விசையிலிருந்து சோங்கின் முடிவு வரை உள்ள நீளம் கிட்டத்தட்ட இதற்கு ஒத்துப்போனால் துவக்கு உடம்புக்குப் பொருந்தும் என்பது பழைய கணக்கு. வளர்ந்த ஆணை மனதில் வைத்துச் செய்பவை பதினான்கு அங்குலத்தை ஒட்டி இருக்கும். நான் ஐந்தடி.

மேசையில் இருந்த இரண்டுமே என் அளவைவிட நீளம். "கொம்பாக்ட்" என்று எழுதியிருந்த பெட்டிக்குள்ளேயே. முழுத்துவக்கும் கட்டைதான், ஆனால் என் விரலுக்கும் தோளுக்கும் இடையில் வரும் அந்த ஒரு துண்டு கட்டையில்லை. சாதாரண மரச்சோங்கு என்றால் தச்சரிடம் கொடுத்து ஒரு அங்குலம் அரிந்துவிடலாம். ஆட்கள் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்து கொடுப்பதுண்டு. புல்பப்பின் சோங்குக்குள் இயந்திரம் இருக்கிறது, அரிய இடமில்லை. சட்டையைத் தைத்தவர் தையல் விட்டு வைக்காததைப் போல. நல்லவேளை, காற்றுத் துவக்கு இந்த வலுவில் தோளைப் பின்னுக்கு உதைப்பதே இல்லை என்று சொல்லலாம். அதனால் சோங்கைத் தோளின் ஓரத்தில் வைக்காமல் நெஞ்சுப் பக்கமாக உள்ளே இழுத்து, நேராக இருந்து சுடலாம். கடைக்காரர் நாடாவைப் பார்த்தார். இந்த முறை பேசுவதற்கு அவருக்கு வேறு ஆளில்லை. நானே எதிர்பாராத அளவுக்கு நன்றாகவே விளக்கினார். அந்த உள்ளே இழுக்கும் முறையைச் சொல்லித் தந்ததும் அவர்தான்.

பிறகுதான் கண். அயல் பண்ணைக்காரி தன் முற்றத்தில் வைத்துச் சோதித்தார். இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு இடையில் சிறு ஓட்டை வைத்து, தூரத்துக் கம்பத்தை அதனூடாகப் பார். இப்போது ஒரு கண்ணை மூடு. மற்றதைத் திறந்து இதை மூடு. இடக்கண்ணை மூடியதும் கம்பம் மறைந்துவிட்டது. திரும்பத் திரும்பச் செய்தேன், ஒவ்வொரு முறையும் மறைந்தது. "உன் கண் இடது. நீ இடக்கைக்காரி, இல்லையா?" என்றார்.

நான் வலக்கையால் எழுதுகிறேன், வலக்கையால் சாப்பிடுகிறேன். இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

ஆனால் கத்தி பிடிப்பது இடக்கை. ஊசியில் நூல் கோர்ப்பது, கோழியைத் தூக்குவது, போத்தல் மூடி திறப்பது எல்லாம் இடக்கை. முதலாம் வகுப்பில் ரீச்சர் என் இடக்கை மொழியில் அடிமட்டத்தால் அடித்தது ஞாபகம் வந்தது. அடிமட்டத்தின் தட்டைப் பக்கத்தால் இல்லை, ஓரத்தால். வீட்டில் அம்மம்மா சாப்பாட்டு நேரம் என் இடக்கையைப் பாவாடை நாடாவால் கதிரையோடு கட்டிவிடுவார். பொம்பிளைப்பிள்ளை இடக்கையால் பரிமாறினால் போகிற வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது அவர் கவலை. அண்ணாவும் இடக்கைதான். அவனைத் திருத்தியதாக ஞாபகமில்லை. அவன் இடக்கையால் பந்து போட்டு ஊரில் பேர் எடுத்தவன். கையைத் திருத்தலாம். கண்ணைத் திருத்த யாருக்கும் தெரியவில்லை. நாற்பத்தேழு வயது வரை அது தன் பாட்டில் இடப்பக்கமாகவே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு அந்த இரண்டு துவக்குகளையும் மறுபடி பார்த்தால் கணக்கு முழுதும் மாறிவிடுகிறது. இடக்கண்ணால் குறிவைக்க வேண்டுமானால் இடத்தோளில் வைக்க வேண்டும். அப்போது இடக்கன்னம் சோங்கில் படியும், என் முகம் சோங்குக்கு வலப்பக்கம் இருக்கும். கடையில் இருந்த மரத்துவக்கின் நெம்புகோலும் வலப்பக்கம். சாதாரண ரைபிளில் இது பெரிய குறையில்லை, நெம்புகோல் முகத்துக்கு முன்னால் நின்றுவிடும். புல்பப்பில் அது கன்னத்தோடு. ஒவ்வொரு சன்னத்துக்கும் நெம்புகோல் என் மூக்குக்கண்ணாடியை உரசிக்கொண்டு பின்னுக்கு வரும், நான் தலையைத் தூக்கி விலக வேண்டும், விலகினால் எலி போய்விடும். கறுப்புத் துவக்கின் நெம்புகோலைக் கழற்றி இடப்பக்கம் மாற்றிப் பூட்டலாம்.

பிரித்தானிய இராணுவமே இந்தச் சிக்கலை நாற்பது வருடமாக வைத்திருக்கிறது. 1985இல் படைக்கு வந்த எஸ்ஏ80 ஒரு புல்பப். வெற்று ரவையை வலப்பக்கமாகக் கக்கும்; இடத்தோளில் வைத்தால் அது சுடுபவரின் முகத்துக்கே வரும். துவக்கை மாற்றவில்லை, இடக்கைப் படையினர் வலத்தோளில் சுடப் பழக்கப்பட்டார்கள். எங்கள் முதலாம் வகுப்பு ரீச்சருக்கு இது பிடித்திருக்கும்.

எனக்கும் அதே யோசனையைச் சொன்னவர்கள் உண்டு. இடக்கண்ணில் ஒரு துண்டு ஒட்டி மறைத்துக்கொள், வலத்தோளில் பழகு, கொஞ்ச நாளில் வந்துவிடும். மரத்துவக்கு விலையும் குறைவு. "வடிவான சாமான், அதையே எடுமன்" என்றார் இவர். வடிவுதான். அந்த மரத்தின் ரேகையை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் மறைத்துப் பழகு, கட்டிப் பழகு என்பதை நான் ஒருமுறை செய்து முடித்துவிட்டேன். பாவாடை நாடாவைத் திரும்ப நானே எடுத்துக் கட்டிக்கொள்ளும் எண்ணம் இல்லை. கறுப்பை எடுத்தேன். பாரம் குறைந்ததால் ஆடும் என்ற குறைக்கு, பாசுமதி அரிசி வந்த துணிப்பையில் மணல் நிரப்பித் தைத்து யன்னல் கட்டில் வைத்தேன். துவக்கை அதன்மேல் படுக்க வைத்தால் ஆடாது. பெண்களுக்கு நல்லது என்று கடைக்காரர் முதல் நாள் சொன்னதையே வாங்கிவிட்டேன் என்று இவர் இன்றுவரை சிரிக்கிறார். காரணம் வேறு என்று நானும் இன்றுவரை சொல்கிறேன்.

காற்று நிரப்புவது பற்றி வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பம்பி மலிவு. ஆனால் 200 பார் அழுத்தத்தை நெருங்கும்போது கடைசி இழுப்புகளுக்கு உடம்பின் முழுப்பாரத்தையும் அதன்மேல் போடவேண்டும். என் பாரம் 52 கிலோ. ஐந்து நிமிடத்தில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன், பம்பி இறங்கவில்லை. இதை ஆண் வாங்குநர்கள் "கொஞ்சம் உடற்பயிற்சி" என்று எழுதுவார்கள். சுழியோடிகளின் கடையில் நிரப்பும் மூன்று லிட்டர் உருளை ஒன்றை வாங்கிவிட்டேன். அதன் திருகைத் திறக்க இரண்டு விரல் போதும். மெல்லத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு கிழமை கடதாசியில் மட்டும் சுட்டேன். புல்பப்பில் கண் சரியாக வரவேண்டும் என்று ஸ்கோப்பைக் குழலுக்கு நன்றாக மேலே பூட்டுவார்கள். என்னுடையதில் ஆறு சென்ரிமீற்றர் இடைவெளி. சன்னம் கீழே புறப்படுகிறது, கண் மேலே இருக்கிறது. இருபது மீற்றருக்குச் சரிபார்த்து வைத்த துவக்கு எட்டு மீற்றரில் இரண்டு சென்ரிமீற்றர் கீழே அடிக்கும். ஒரு கிராம் அளவுச் சன்னம் செக்கனுக்கு 177 மீற்றர் வேகத்தில் போகிறது. எலியின் தலை அந்த இரண்டு சென்ரிமீற்றரை விட அதிகம் பெரிதில்லை. தலையில் பட்டால் உடனே சாகும், வேறெங்காவது பட்டால் ஊர்ந்து போய் பலகைக்குள் கிடந்து சாகும். ஆகவே தூரத்தை நாடாவால் அளந்து, கூட்டைச் சுற்றி எட்டு, பத்து, பன்னிரண்டு மீற்றரில் வெள்ளைக் கல் வைத்தேன். பன்னிரண்டுக்கு அப்பால் சுடுவதில்லை. பின்னால் மண்மேடு இல்லாத பக்கம் சுடுவதில்லை. கோழி அசைந்தால் சுடுவதில்லை. சன்னம் ஈயம், கையைக் கழுவாமல் முட்டை பொறுக்குவதில்லை.

லண்டனில் ஒரு தோழி, பெண்கள் சந்திப்புகளில் பல வருடம் ஒன்றாக இருந்தவள், இதைக் கேட்டுக் கோபப்பட்டாள். நாங்கள் எதிர்த்து எழுதியது எதை, நீ வீட்டுக்குள் கொண்டுவருவது எதை என்றாள். அவள் கோபம் எனக்கு விளங்கியது. அம்மாவின் பயத்தைவிட அதற்குப் பதில் சொல்வது சுலபம். நாங்கள் எதிர்த்தது துவக்கைக் கையில் வைத்திருப்பவன் மற்றவர்களின் வாயை மூட வைத்ததை. எலிக்கு வாய் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்கலாம். நான் அதை யோசிக்காமல் இல்லை. நஞ்சு வைத்தவள் சாவைப் பார்க்கத் தேவையில்லை. பெட்டியை வைத்துவிட்டு உள்ளே போகலாம், மிச்சத்தைக் கூகை பார்த்துக்கொள்ளும். இப்போது நான் ஒவ்வொன்றையும் பார்க்கிறேன், எண்ணுகிறேன், புதைக்கிறேன்.

முதல் எலி கார்த்திகை மாதம், மாலை நாலரை. எட்டு மீற்றர்க் கல்லுக்குப் பக்கத்தில் தீனிப் பாத்திரத்தின் விளிம்பில் இருந்தது. கண் இரண்டையும் திறந்தே வைத்திருந்தேன். விசையை அழுத்தியபோது வந்த சத்தம் புத்தகம் ஒன்றை மேசையில் போட்டதைப் போலத்தான் இருந்தது. எலி இருந்த இடத்திலேயே சரிந்தது. கை நடுங்கவில்லை, அது எனக்கே ஆச்சரியம். துவக்கைக் கழற்றி, ரவைக்கூட்டை வெளியே எடுத்து, உள்ளே வைத்துப் பூட்டிய பிறகு குசினியில் நின்று நெடுநேரம் கை கழுவினேன். மகள் என்ன அம்மா என்றாள். எலி ஒன்று என்றேன். மார்கழி முடிய முன் பத்தொன்பது ஆனது. பலகையின் ஓட்டையையும் அடைத்துவிட்டேன். தை மாதம் முழுக்க இரண்டுதான் கண்டேன்.

அம்மா தைப்பொங்கலுக்கு வருவதாக இருந்தது. முதல் நாள் இரவு எடுத்தார். "அது எங்கை வைச்சிருக்கிறாய்?"

"மேல் அறையில, இரும்பு அலுமாரியில. பூட்டி."

"நான் படுக்கிற அறைக்குப் பக்கத்திலயோ?"

ஓம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த இரவு இவரும் நானும் அலுமாரியைக் கழற்றிக் கொட்டிலுக்குக் கொண்டுபோனோம். குளிரில் சுவரில் துளைபோட்டு, நாலு போல்ட் இறுக்கி, பூட்டி முடிக்கப் பதினொரு மணியாகிவிட்டது. சட்டப்படி அது வீட்டுக்குள் இருந்தாலும் சரிதான். அம்மா காலை பத்து மணி ரயிலில் வந்தார். பொங்கிப் படைத்து முடிந்ததும் கோழிகளைப் பார்க்க வெளியே வந்தவர், கொட்டில் கதவு வரை நடந்து வந்து நின்றார். உள்ளே வரவில்லை. யன்னல் கட்டில் இருந்த மணல் பையைக் காட்டி, "உந்தத் தையல் இழுத்துக்கொண்டு கிடக்குது, இடக்கையால தைச்சனியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, பின்னேரம் முழுக்க குசினிக் கதிரையில் இருந்து அதை இரட்டைத் தையலாகத் தைத்துத் தந்தார்.